தனக்கொடி பார்த்த தலைகள்

வெண்கரட்டூரில் மனிதர்களின் மண்டை ஓடு முட்டை ஓட்டைப் போல வெளிச்சத்தை உள்ளே விடத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்தில். வெயில் தாங்காமல் பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த சமயம் அது. செத்த கோழியை அள்ளுவதா, மண்டை ஓட்டை வேடிக்கை பார்ப்பதா என்று இருந்ததால் ஊர் அதை உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்தவள் தனக்கொடி. கரட்டு அடிவாரத்தில் இருந்த குஞ்சு பொரிக்கும் கம்பெனியில், ஜன்னல் இல்லாத இருட்டு அறையில், நடுவில் ஓட்டை போட்ட லைட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முட்டை பார்ப்பது அவள் வேலை. மிஷின் சூட்டில் சில நாள் இருந்த முட்டையை எடுத்து அந்த ஓட்டையின் மேல் வைத்தால் உள்ளே நடக்கிற சமாசாரம் தெரிந்துவிடும். ஒரு புள்ளியிலிருந்து சிவப்பு நூல் நூலாக நாலா பக்கமும் ஓடியிருந்தால் குஞ்சு பிடித்திருக்கிறது, ஒன்றுமே ஓடாமல் மஞ்சளாக மினுங்கினால் கூமுட்டை. கூமுட்டைக்குப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக ஒதுக்க வேண்டும். பிறகு குஞ்சு பொரிக்கிற அன்றைக்குப் பொட்டைக் குஞ்சுகளை ஒரு பக்கமும், முட்டையிடாத சேவல் குஞ்சுகளை இன்னொரு பக்கமும் பிரித்து, சேவல் குஞ்சுகளை டிரம்மில் கொட்டிவிடுவார்கள். பொரியும் முன்பே பார்ப்பது, பொரிந்த அன்றே முடிவு கட்டுவது, முடிவு கட்டிய பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதது, இதுதான் அந்த ஊரின் தொழில். ஊரே அதில்தான் சோறு தின்றது, அதனால் அது யாருக்கும் பாவமாகப் படவில்லை.

அன்றைக்குக் கூட வேலை செய்த ரஞ்சிதம், குலசாமி கோயிலில் மொட்டை போட்டு வந்திருந்த தன் கைக்குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மேசைமேல் கிடத்தியிருந்த குழந்தை புரண்டு புரண்டு, அதன் தலை லைட்டுப் பெட்டியின் ஓட்டைமேல் போய் நின்றது. சுவரெல்லாம் செம்மஞ்சள் வெளிச்சம் பரவியது. குழந்தையின் தலைக்குள் நூலைவிட மெல்லிய கோடுகள், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, கிளைத்தது மறுபடி வளைந்து இன்னொன்றைத் தொட்டு, தொட்ட இடத்தில் மினுக்கென்று மின்னி, ஆலமரத்து வேர் மாதிரி அடர்ந்து கிடந்தன.

"அட, உம்புள்ளைக்கு நரம்பு நல்லா ஓடியிருக்குதுடி ரஞ்சிதம்" என்றாள் தனக்கொடி.

"ஓடாம? அவங்கப்பன் போடற ஆட்டம் அத்தனையும் அதுக்குள்ளதான இருக்குது" என்றாள் ரஞ்சிதம், கையில் இருந்த முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனக்கொடி குழந்தையை நகர்த்திப் படுக்க வைத்துவிட்டு அடுத்த முட்டையை எடுத்தாள்.

கோழிகள் சாவது நின்ற பிறகுதான் ஊருக்கு இதைக் கவனிக்க நேரம் கிடைத்தது. முடி இருந்தால் வெளிச்சம் உள்ளே போகவில்லை, மழித்த தலையில்தான் தெரிந்தது, அதனால் வேண்டுதல் இல்லாதவர்கள்கூட அவசர அவசரமாக ஏதாவது ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். கம்பெனி மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டு அறையைத் திறந்துவிட்டார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், நின்ற இடத்தில் கடலை விற்றது, ஐஸ் விற்றது. பார்க்கப் பார்க்க ஊருக்கு ஒன்று பிடிபட்டது. நெற்றிப் பக்கம் ஓடுகிற கோடுகள் அப்பன் வழி, பிடரிப் பக்கம் ஓடுகிறவை ஆத்தா வழி, உச்சியில் அவை இரண்டும் எப்படிக் கை கோத்துக்கொள்கின்றன என்பதில்தான் ஒவ்வொரு தலையும் வேறு வேறாக இருந்தது. கோபக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வலது பொட்டில் ஒரே மாதிரி மூன்று கவைக் கிளை. பாட்டு வருகிற வீட்டில் காதை ஒட்டி ஒரு சுழி. காட்டு வரப்புக்காகப் பல வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர், தங்கள் பிள்ளைகளின் தலைகளை அக்கம்பக்கம் வைத்துப் பார்த்து, ஒன்றையே இரண்டு முறை வரைந்தது போல இருக்கக் கண்டு, அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். அதுவரைக்கும் அது நல்ல விஷயமாகத்தான் இருந்தது.

தனக்கொடிக்கு அர்த்தநாரி என்று ஒரு தம்பி இருந்தான். அவளுக்கு உயிர் என்றால் அவன்தான். சேலத்தில் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, பண்ணைகளில் ஃபேன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபேன் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எப்போதாவது சொல்வான். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நிற்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பழனிக்குப் போய் மொட்டையோடு வந்தவன் நேராகக் கம்பெனிக்கு வந்து, "எனக்கும் பாருக்கா" என்று சிரித்துக்கொண்டே பெட்டிமேல் தலையைச் சாய்த்தான்.

இடது காதுக்குப் பின்னால், ஆத்தா வழிக் கோடுகள் மேலே ஏறுகிற இடத்தில், கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு முடிச்சாகச் சிக்கிக் கிடந்தன. நூல்கண்டைப் பூனை உருட்டியது மாதிரி ஒரு சிக்கல்.

"என்னக்கா இருக்குது?"

பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அவளுக்குத் தொழில் பழக்கம். "ஒரு முடிச்சு இருக்குது சாமி" என்றாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். "அப்ப நெசமாலுமே எனக்குள்ளதான் இருக்குதா? நான் வெளியிலிருந்து வருதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்றான். அதற்குப் பிறகு ஃபேன் சத்தத்தைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. ஆடி பிறப்பதற்குள் அவர்களுடைய காட்டுக் கிணற்றிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள்.

காரியத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "நீதான் அவந்தலையப் பாத்தியே கொடி, உள்ள என்னதான் இருந்துச்சு?" அழுது அழுது குரல் போன நிலையிலும் தனக்கொடி முடிச்சைப் பற்றிச் சொன்னாள். அந்த ஊரில் ஒரே ஒரு முட்டையைப் பார்த்து மிஷினில் இருக்கிற அத்தனை முட்டைக்கும் தீர்ப்புச் சொல்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு தலையும் ஒரே ஒரு கிணறும் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. பயம் வந்துவிட்டால் கணக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது போலவே நடந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் பளிங்கு பதித்த லைட்டுப் பெட்டி ஒன்று உபயமாக வந்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போடுவது பழைய வழக்கம். இப்போது மொட்டை முடிந்த கையோடு தாய்மாமனே அந்தத் தலையைப் பெட்டிமேல் வைக்க வேண்டும், தனக்கொடி குனிந்து பார்த்து "சுத்தம்" என்றோ "முடிச்சு" என்றோ சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் தலைக்குச் சந்தனம் என்று ஆயிற்று. சுத்தம் என்றால் கொட்டு முழங்கியது. முடிச்சு என்றால் கொட்டுக்காரர்கள் தோளிலிருந்து கொட்டுகளை இறக்கி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். முடிச்சுப் பிள்ளைகளின் இடது காதுக்குப் பின்னால் கண்மையால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடும் பழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையை நீட்டுவார்கள், ஆனால் குளிப்பாட்டியதும் குறி அழிந்துவிட்டதே என்று மறக்காமல் மறுபடி போட்டுவிட்டது பெற்ற தாய்மார்கள்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளுக்குச் சுவரோரம் கடைசி பெஞ்சு. ஜாதகக்காரர் கட்டங்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொந்தமாக ஒரு லைட்டுப் பெட்டி வாங்கினார். ஊரில் இருந்த கிணறுகளுக்கெல்லாம் இரும்பு வலை அடித்தார்கள், தண்ணீர் வலைக்குக் கீழே கறுப்பாகக் கிடந்தது.

குப்பண்ணன் மகன் சபரி அப்படிக் குறி விழுந்த பிள்ளை. அப்பனும் ஆத்தாளும் பண்ணை வேலைக்குப் போகும்போது அவனைக் கட்டில் காலில் வேட்டியால் கட்டிவிட்டுப் போவார்கள். பாசத்தில்தான் கட்டினார்கள், அதில் சந்தேகமே இல்லை, பக்கத்தில் தண்ணீரும் தின்பண்டமும் வைத்துவிட்டுத்தான் போனார்கள். கட்டிலையும் சுவரையும் தவிர வேறு துணை இல்லாமல் வளர்ந்த சபரி ஒரு நாள் சுவரோடு பேச ஆரம்பித்தான். சுவரும் பேசியிருக்கும், இல்லாவிட்டால் அவன் நடுநடுவே நிறுத்திவிட்டு அப்படிச் சிரித்திருக்க மாட்டான். "பாத்தீங்களா, லைட்டு பொய் சொல்லாது" என்று ஊர் தலையாட்டிக்கொண்டது.

தனக்கொடியும் அதை நம்பினாள். அவள் கெட்டவள் இல்லை. அர்த்தநாரியின் தலையைச் சின்ன வயதிலேயே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் காவல் காத்திருக்கலாமே என்ற ஒரே எண்ணம்தான் அவளை ஒவ்வொரு தலைக்கும் குனிய வைத்தது.

ஊரில் ஒரே ஒருவன்தான் இதற்கு மசியவில்லை. முட்டை லாரி ஓட்டும் மாரப்பன். அவன் மகள் சிந்துஜாவுக்குத் தனக்கொடி "முடிச்சு" என்றபோது, அவன் லாரி துடைக்கிற எண்ணெய்த் துணியை எடுத்துக் குழந்தையின் காதுக்குப் பின்னால் போட்ட மையைத் துடைத்தான். "எம்புள்ள என்ன முட்டையா, குறி போட்டு ஒதுக்கறதுக்கு?" என்று கோயிலில் நின்று கத்தினான். பெண்டாட்டி பிள்ளையை லாரியில் ஏற்றிக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் போனவன் அப்புறம் ஊருக்குள் தலைகாட்டவில்லை. புத்தி கெட்டவன், பிள்ளையைச் சாகக் கொடுக்கப் போகிறான் என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

பட்டணத்திலிருந்து ஒரு மூளை டாக்டரம்மாவும் வந்து போனார். அவரும் ஆச்சரியப்படவில்லை. வரிசையாகத் தலைகளைப் பார்த்துவிட்டுக் கோயில் பந்தலில் மைக் முன்னால் நின்றார். "இந்தக் கோடெல்லாம் விதையிலேயே வருதுங்களா?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "ஆமாங்க. ஜீன்னு சொல்றமே, அதுதான் கோடு எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லிவிடுது. ஆனா..." என்று அவர் சொல்வதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. நாங்கதான் அப்பவே சொன்னோமே என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஆரம்பித்து வைப்பதோடு விதையின் வேலை முடிந்துவிடுவதில்லை, முழுசாக அதன் கையிலும் இல்லை, குழந்தை எதைக் கேட்கிறது, யார் தூக்குகிறார்கள், எதைக் கண்டு நடுங்குகிறது என்பதற்கெல்லாம் ஏற்றபடி கோடுகள் இடம் மாறும், இறுகும், இளகும் என்று டாக்டரம்மா சொன்னதைக் கடைசிவரை கேட்டவன் மைக்செட்டுக்காரன் ஒருவன்தான். அவன் வெளியூர்க்காரன், பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

தனக்கொடிக்கும் அவள் புருஷன் செங்கோட்டுவேலுக்கும் ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. தர்ஷிகா என்று பெயர் வைத்தார்கள். மொட்டை போட அர்த்தநாரி இல்லை. தனக்கொடியின் சித்தப்பன் மகன் பழனிவேல் அவன் இடத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். நாவிதர் கத்தியைக் கழுவினார். பழனிவேல் குழந்தையைப் பளிங்குப் பெட்டிமேல் சாய்த்தான். ஊர் கழுத்தை நீட்டியது. ஊரார் பிள்ளைகளின் தலைகளுக்கெல்லாம் குனிந்த தனக்கொடி தன் பிள்ளையின் தலைக்கும் குனிந்தாள்.

இடது காதுக்குப் பின்னால், அதே இடத்தில், அதே முடிச்சு. ஒரு கோடு கூட மாறவில்லை. தம்பியே திரும்பி வந்து "எனக்கும் பாருக்கா" என்று தலையைச் சாய்த்தது போல இருந்தது.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல அவள் வாய் திறந்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்த சந்தனத்தை இரண்டு கையாலும் அள்ளி, குழந்தையின் தலை முழுக்க, காதுக்குப் பின்னால் எல்லாம் அப்பி, அதற்கு மேலும் ஒரு கை அப்பி, "சுத்தம்!" என்று பந்தலே அதிரச் சொன்னாள். கொட்டு முழங்கியது. செங்கோட்டுவேல் சந்தோஷத்தில் கண் கலங்கிக்கொண்டே எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தான். அந்த ஊரில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான், புருஷனிடம் கூட அதை அவள் திருத்தவில்லை.

அன்றிலிருந்து தர்ஷியின் முடியில் கத்திரி படவில்லை. இடுப்புவரை வளர்ந்த முடிக்குள் அந்த முடிச்சு பத்திரமாக இருந்தது. ஊர் பார்க்காது, சரி. தான் பார்த்தாயிற்றே, அதை என்ன செய்வது? அர்த்தநாரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், சொல்லியிருந்தால் கிணற்றுக்குப் போகும் முன்னால் கையைப் பிடித்திருக்கலாம் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் அவள் கேட்டாள். குழந்தைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, தினமும் தலை சீவும்போது, எண்ணெய் வைத்த கையை இடது காதுக்குப் பின்னால் நிறுத்தி, "ஏதாச்சும் சத்தம் வருதா கண்ணு?" என்று கேட்டாள்.

முதலில் அது குழந்தைக்கு விளையாட்டாக இருந்தது. "கோழி சத்தம் வருது" என்றாள். அப்புறம் லாரி சத்தம், மிக்சி சத்தம், அப்பா குறட்டை, ஓடுமேல் காக்கா நடக்கிற சத்தம். வளர வளர ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னாள். எந்தச் சத்தத்தைச் சொன்னாலும் அம்மாவின் முகம் தெளியவில்லை. அம்மா கேட்பது இதெல்லாம் இல்லை, வேறு ஏதோ ஒரு சத்தம் இருக்கிறது, அதைத் தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று குழந்தைக்குப் பட்டது. அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அதற்கு அவ்வளவு ஆசை. அதனால் அது இன்னும் உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தது. விளையாடும்போது நடுவில் நின்று கேட்டது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே இருக்கக் கேட்டது. கணக்குப் போடும்போது இடது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

"எதுக்குடி புள்ளைய எந்நேரமும் நோண்டிக்கிட்டே இருக்கற?" என்றான் செங்கோட்டுவேல். "ராட்டினத்துல ஏத்தாத, கொட்டுச் சத்தம் ஆகாது, தண்ணிப் பக்கம் போகாத... நல்லாத்தான இருக்குது. சுத்தம்னு நீதான சொன்ன?"

"நான் சும்மா கேக்கறனுங்க" என்றாள் தனக்கொடி.

தர்ஷி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மாரப்பனின் தாய் இறந்துபோனாள், மாரப்பன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். சிந்துஜா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள், எங்கெங்கோ தங்கியதில் பேன் பிடித்துத் தலையை மழித்திருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து, பகல் வெயிலில் மகளோடு கோயில் பக்கம் போனவன் அங்கே தனக்கொடியைப் பார்த்துவிட்டான். அவன் பழசை மறக்கிற ஆள் இல்லை.

"வாக்கா. வந்து பாரு. நீ குடுத்த முடிச்சு எப்படி இருக்குதுன்னு பாரு" என்றான்.

சிந்துஜா தானே போய்ப் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தனக்கொடி குனிந்தாள். முடிச்சு அங்கேயேதான் இருந்தது, இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் இறுக்கம் இல்லை, உள்ளே வெளிச்சம் புகுந்து வருகிற அளவுக்கு இளகிக் கிடந்தது. அன்றைக்கு இல்லாத புதுக் கோடுகள், எத்தனையோ கோடுகள், நெற்றியிலிருந்தும் உச்சியிலிருந்தும் கிளம்பி, ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகிற பைபாஸ் ரோடு மாதிரி அந்த முடிச்சைச் சுற்றிக்கொண்டு ஓடின.

"உனக்கு ஏதாச்சும் சத்தம் வருதா கண்ணு?" என்று பழக்கத்தில் கேட்டாள்.

"எப்பவாச்சும் வரும் பெரியம்மா. யாரோ கூப்புடற மாதிரி" என்றாள் சிந்துஜா சாதாரணமாக. "அப்பாகிட்டச் சொன்னா, யாருன்னு கேளு, டீ குடிக்க வரச்சொல்லும்பாரு. அப்புறம் அது போயிரும். பெரியம்மா, நாக்பூர்ல எங்க பக்கத்து வீட்டுல ஒரு கிளி இருக்குது, அதுக்கு மூணு பாஷை தெரியும்..."

கிளியின் கதையைத் தனக்கொடி முழுசாகக் கேட்கவில்லை. வேலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தாள், நடந்தாள் என்பதைவிட ஓடினாள். கோடு நகர்கிறது. கோடு நகர்கிறது. விதையில் விழுந்தது விழுந்தபடி நிற்கவில்லை, சும்மா விட்டிருந்தாலே போதும், சிரித்துப் பேசியிருந்தாலே போதும். சபரியை நினைத்துக்கொண்டாள், கட்டில் காலை நினைத்துக்கொண்டாள், தான் "முடிச்சு" என்று சொன்ன ஒவ்வொரு தலையும் வழியெல்லாம் கூடவே வந்தது. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. ஆனால் தர்ஷி இருக்கிறாள், தர்ஷிக்கு வயதிருக்கிறது. அவளை ராட்டினத்தில் ஏற்ற வேண்டும், கொட்டு அடிக்கிற இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இனிமேல் அந்தக் கேள்வியை ஜென்மத்துக்கும் கேட்கக் கூடாது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷியை மடியில் இழுத்து உட்கார வைத்து, கலைந்த சடையை அவிழ்த்துச் சீவினாள். சந்தையைப் பற்றிப் பேசினாள், நாக்பூர்க் கிளியைப் பற்றிச் சொன்னாள். கை காதுக்குப் பின்னால் போனபோது நிற்காமல் கடந்து போயிற்று. சடையைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். தர்ஷி எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, இன்னிக்கு நீ அதக் கேக்கவே இல்ல?"

"இனிமே கேக்கமாட்டேன் கண்ணு. அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அம்மா சும்மா கேட்டுட்டிருந்தேன்."

"பரவால்லம்மா" என்றாள் தர்ஷி. அம்மாவுக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது. "நீ கேக்காட்டியும் இப்ப வருது."

தனக்கொடி சீப்பைக் கீழே வைத்தாள். "என்ன சாமி வருது?"

"உன்ற குரல்தான். நீ கம்பெனிக்குப் போனப்பறமும் வருது. பள்ளிக்கூடத்துலயும் வருது. 'சத்தம் வருதா கண்ணு, சத்தம் வருதா கண்ணு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். மொதல்ல அது மட்டுந்தான் சொல்லுச்சு."

"இப்ப?"

குழந்தை வாசலைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. "இப்ப வேற சொல்லுது. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லுதும்மா."

தனக்கொடி அவளைத் தன் பக்கம் திருப்பித் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "அது நானில்ல தங்கம். அம்மா அப்படியெல்லாம் சொல்லுவனா? நான் பேசவே இல்ல, இதோ பாரு, பாரு" என்று சொல்லி, தன் வாயை இரண்டு கையாலும் இறுக்கப் பொத்திக்கொண்டு மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். தர்ஷி அந்தப் பொத்திய வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள். அம்மா வருத்தப்படுவாளே என்று குரலைத் தாழ்த்தி, "இப்பவும் வருதும்மா" என்றாள்.